கடல் விடுகிற நாள்

கெர்ரி கடற்கரையில் தீவுக்குப் போக வருகிறவர்கள் முதலில் காத்திருக்கப் பழக வேண்டும். வானம் வெளுத்திருக்கும். காற்று ஓய்ந்திருக்கும். போர்ட்மகீ துறையில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். ஆனாலும் படகுக்காரர் கையை விரித்துவிடுவார். நடு அட்லாண்டிக்கில் எங்கோ முந்தாநாள் அடித்த புயலின் அலை இப்போதுதான் வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது. நீளமான, நுரையில்லாத அலை. ஆழக்கடலில் அதன்மேல் ஏறி இறங்கிப் போய்விடலாம், ஒன்றும் ஆகாது. சிக்கல் தீவின் காலடியில்தான். அங்கே மணற்கரை கிடையாது. பாறையில் வெட்டிய படிகள்தான் துறை. அலை படகை ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கும், அதே வேகத்தில் இறக்கும். மேலே வந்து நிற்கிற அந்த ஒரு நொடியில் படிக்குத் தாவ வேண்டும். அந்த நொடி வாய்க்காத நாளில் தீவு கண்ணெதிரே இருந்தும் இல்லாததுபோலத்தான்.

அயர்லாந்தின் தென்மேற்கு மூலை இது. ஐவெரா தீபகற்பத்துக்கு மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தள்ளி ஸ்கெல்லிக் மைக்கேல், பக்கத்திலேயே சின்ன ஸ்கெல்லிக். வடக்கே, டிங்கிள் தீபகற்பத்தின் முனையில் பிளாஸ்கெட் தீவுகள். அவற்றில் பெரியவை ஆறு. சுற்றுலாத் துண்டறிக்கைகள் இவற்றை மனிதக்கை படாத தீவுகள் என்கின்றன. நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டு போனேன். போய் நின்று பார்த்தபின் அந்த வருணனை எனக்கு ஒப்பவில்லை. மனிதக்கை இவ்வளவு அழுத்தமாகப் பட்ட நிலத்தை நான் அதிகம் கண்டதில்லை. இன்று நாம் பார்த்து வியக்கிற காட்டுத்தன்மை, ஆட்கள் போனபின் அங்கே முளைத்தது. பிளாஸ்கெட்டில் அதற்கு நூறு வயதுகூட ஆகவில்லை.

ஸ்கெல்லிக் மைக்கேல் கடலிலிருந்து 218 மீட்டர் செங்குத்தாக எழும் இரட்டைச் சிகரப் பாறை. ஆறாம் நூற்றாண்டுக்கும் எட்டாம் நூற்றாண்டுக்கும் இடையே எப்போதோ கிறித்தவத் துறவிகள் சிலர் இங்கே வந்து மடம் கட்டினார்கள். எகிப்தியப் பாலைவனத்தில் ஒதுங்கி வாழ்ந்த ஆதித் துறவிகளைக் கேள்விப்பட்டு அதே வழியில் போக விரும்பியவர்கள். அயர்லாந்தில் எங்கு தோண்டினாலும் ஈரம். பாலைவனத்துக்கு எங்கே போவது? அவர்கள் கடலைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு மடாதிபதியும் பன்னிரண்டு துறவிகளும் இருந்திருக்கலாம் என்பது பொதுவான கணிப்பு.

கீழிருந்து மடத்துக்கு அறுநூற்றுச் சொச்சம் கற்படிகள். கைப்பிடிச் சுவர் கிடையாது. 2009இல் இரண்டு பயணிகள் தவறி விழுந்து இறந்திருக்கிறார்கள். ஏறும்போது பார்வை காலடியிலேயே இருக்க வேண்டும் என்பதால் படிகளை வெகு நெருக்கத்தில் பார்க்க முடிகிறது. ஒரு படிபோல் இன்னொன்று இல்லை. சிலவற்றின் நடுவில் தேய்ந்த பள்ளம். ஒவ்வொன்றும் யாரோ இருவர் மூவர் சேர்ந்து புரட்டி, அடியில் சிறு கல் கொடுத்து, ஆட்டம் பார்த்து உட்கார வைத்தது. அப்படி மூன்று திசைகளிலிருந்து மூன்று படிவரிசைகள். எந்தப் பக்கம் கடல் விடுகிறதோ அந்தப் பக்கம் இறங்கி ஏறுவதற்காக. அந்த ஏற்பாடு புரிந்தபோதுதான் இவர்கள் உலகை மறந்து கண்மூடியவர்கள் அல்லர், தினமும் கடலைக் கணித்துக்கொண்டே வாழ்ந்தவர்கள் என்று எனக்கு உறைத்தது.

மேலே, ஏறத்தாழ 180 மீட்டர் உயரத்தில், ஆறு கற்குடில்கள், இரண்டு சிறு வழிபாட்டு அறைகள், பிற்காலத்தில் எழுந்த ஒரு சிறு தேவாலயத்தின் மிச்சம், சிலுவைக் கற்கள் நட்ட ஒரு சின்ன இடுகாடு. ஒரு குடிலுக்குள் குனிந்து நுழைந்தேன். வெளியிலிருந்து பார்க்க உருண்ட கூம்பு. உள்ளே தரை நாற்சதுரம். மூலையில் நின்று மேலே பார்த்தால் நான்கு மூலைகளும் ஏறஏற மழுங்கி, வரிசைக்கு வரிசை கல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி வந்து, உச்சியில் ஒன்றுகூடி மூடிக்கொள்கின்றன. சாந்து ஒரு துளி இல்லை. கல்லின் பாரமே கல்லைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. சுவரில் சாமான் வைக்க மாடங்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேலான அட்லாண்டிக் காற்றுக்குப் பிறகும் நிற்கிறது. வெளியே காற்று பேச்சைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. உள்ளே மூச்சுவிடும் சத்தம் கேட்கிறது.

குடில்களைவிட என்னை அதிகம் நிறுத்தியவை அவற்றின் அடியில் இருக்கிற தாங்குசுவர்கள். இந்தப் பாறையில் பாய் விரிக்கச் சமதரை கிடையாது. முதலில் சரிவின் விளிம்பில், கீழே நேராகக் கடல் தெரிய, கல்லை அடுக்கி உயரமான சுவர் எழுப்பி, பின்னால் நிரப்பித் தரையை உண்டாக்கியிருக்கிறார்கள். அதன்பிறகுதான் குடில், அதன்பிறகுதான் வழிபாடு. காற்று அடிக்காத பக்கத்தில் ஒரு காய்கறித் தோட்டம். ஊற்று இல்லாததால் மழைநீரைச் சேர்க்கத் தொட்டிகள். மீதிச் சாப்பாட்டுக்கு மீன், கடற்பறவை, முட்டை. தனியாக இருக்க வேண்டும் என்று வந்தவர்கள் அதற்காக எத்தனை ஆண்டுகள் தோளோடு தோள் சேர்ந்து கல் சுமந்திருக்க வேண்டும்! ஒருவருக்கு அதுவும் போதவில்லை. எதிரே உள்ள தெற்குச் சிகரத்தில், கயிறு கட்டி ஏறுகிறவர்களே தயங்கும் இடத்தில், மூன்று விளிம்புகளில் தளம் கட்டித் தனியே இருந்திருக்கிறார்.

824 வாக்கில் வைக்கிங்குகள் இங்கே வந்து ஏட்கல் என்ற மடாதிபதியைப் பிடித்துப் போனதையும், அவர் பட்டினியால் இறந்ததையும் அயர்லாந்தின் பழைய ஆண்டுக்குறிப்புகள் பதிந்திருக்கின்றன. அதன்பிறகும் மடம் பல நூற்றாண்டுகள் நீடித்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டுவாக்கில் துறவிகள் கரையிலுள்ள பாலின்ஸ்கெல்லிக்ஸுக்குப் பெயர்ந்தார்கள். அவர்களில் யாரும் இந்தப் பாறையில் இருந்ததைப் பற்றி எழுதிய ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. அத்தனை தலைமுறை வாழ்க்கைக்கும் சாட்சி பெரும்பாலும் கல்தான்.

1996இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2014இலும் அடுத்த ஆண்டும் ஸ்டார் வார்ஸ் படப்பிடிப்பு நடந்தபின் கூட்டம் இன்னும் கூடியது. இப்போது மே நடுவிலிருந்து செப்டம்பர் முடிய, ஒரு நாளைக்கு 180 பேர், ஒரு படகுக்குப் பன்னிரண்டு பேர். இந்தக் கட்டுப்பாடு சரி. இன்னும் குறைத்தாலும் நான் மறுக்க மாட்டேன்.

ஏனென்றால் இந்தப் பாறைகளுக்கு இப்போது வேறு குடிகள் இருக்கிறார்கள். சின்ன ஸ்கெல்லிக்கில் பல்லாயிரம் இணை கேனட் பறவைகள் கூடு கட்டுகின்றன. படகு நெருங்கும்போது பாறை முழுக்கச் சுண்ணாம்பு பூசியதுபோல் தெரிவது அவைதான். ஏறத்தாழ இரண்டு மீட்டர் இறக்கை விரிப்புள்ள பறவை, முப்பது மீட்டர் உயரத்திலிருந்து இறக்கையை மடக்கி ஈட்டிபோல் கடலுக்குள் பாயும். 2022இல் வட அட்லாண்டிக்கின் கேனட் குடியிருப்புகளைப் பறவைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. ஸ்கெல்லிக் மைக்கேலில் பஃபின்கள் வளை தோண்டி ஒரே ஒரு முட்டை இடுகின்றன. ஆகஸ்ட் பிறந்ததும் கடலுக்குப் போய்விடுகின்றன. எல்லோரும் படம் எடுப்பது இவற்றைத்தான். எடுக்கட்டும், பஃபின் அவ்வளவு அழகு.

பகல் படகில் வந்து பகலிலேயே திரும்புகிற நாம் பார்க்காத ஒரு பறவை உண்டு. புயற்பறவை என்று சொல்லலாம். இருபத்தைந்து கிராம்தான் எடை. குளிர்காலத்தைத் தென்னாப்பிரிக்கக் கடலில் கழித்துவிட்டு முட்டையிட இங்கே வருகிறது. பெரிய கடற்காக்கைகளுக்குப் பயந்து இருட்டியபின்தான் தரைக்கு வரும். கூடு கட்டுவது கல் இடுக்குகளில், துறவிகள் சாந்தில்லாமல் அடுக்கிய அதே சுவர்களில். நான் குடிலின் வெளிச்சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றபோது அந்த இடுக்குகளுக்குள் அவை அடைகாத்துக்கொண்டிருந்திருக்கும். கட்டிய கை போய் எட்டு நூறு ஆண்டு ஆகியும் அந்தச் சுவருக்குள் குடித்தனம் ஓயவில்லை.

அந்த ஆறில் ஒன்றான பெரிய பிளாஸ்கெட் வேறு வகை. இங்கே இருந்தவர்கள் தவம் செய்ய வந்தவர்கள் அல்லர். கொஞ்சம் உருளைக்கிழங்கு, சில மாடு, ஆடு, மீன், முயல், எரிப்பதற்குத் தீவின் பின்பக்கம் வெட்டிய புற்கரி. இவற்றை வைத்துப் பிள்ளைகுட்டிகளோடு பிழைத்தவர்கள். தீவுக்கும் கரைக்கும் நடுவே மிகக் குறுகிய இடத்தில் இரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனால் அந்த இரண்டு கிலோமீட்டரில் நீரோட்டமும் பாறையும் சேர்ந்து என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு, 1588இல் அங்கே மூழ்கிய ஸ்பானிய ஆர்மடாவின் சாந்த மரியா டி லா ரோசா என்ற போர்க்கப்பல் ஒரு சான்று. அந்த நீரிணையைத் தீவுக்காரர்கள் நேவோக் என்கிற படகில் கடந்தார்கள். மெல்லிய மரச் சட்டங்களால் கூடு கட்டி, அதன்மேல் கித்தானை இழுத்துப் போர்த்தித் தார் பூசிய படகு. கடலுக்கும் காலுக்கும் நடுவே ஒரு துணி. அதில் மாட்டைக்கூடக் கால்களைக் கட்டிப் படுக்கவைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

மக்கள்தொகை உச்சத்தில் இருந்தபோதும் 176ஐத் தாண்டவில்லை. மருத்துவர், பாதிரியார், கடை, மதுக்கடை எதுவும் தீவில் கிடையாது. திருநிலைப்படுத்தப்பட்ட இடுகாடும் கிடையாது. இறந்தவர்களைப் படகில் ஏற்றி எதிர்க்கரையில் டன்குவினில் புதைத்தார்கள். இவ்வளவு சிறிய ஊரிலிருந்து, 1928 தொடங்கிப் பத்தாண்டுக்குள், ஐரிஷ் மொழி தன் நவீன இலக்கியத்தின் அடித்தளங்களில் சேர்த்து எண்ணுகிற புத்தகங்கள் வந்தன.

தோமாஸ் ஓ கிரிஹின் மீனவர். 1850களின் நடுவில் பிறந்தவர். அவர் காலத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தாய்மொழியான ஐரிஷை எழுதப் படிக்கத் தெரியாமலே வளர்ந்தார். நடுவயதில் அதைக் கற்றுக்கொண்ட கதைதான் எனக்கு இந்தத் தீவுகள் பற்றிய எல்லாக் கதைகளிலும் பிடித்தது. டன்குவினுக்குச் சாமான் வாங்கவோ வேறு வேலையாகவோ வருவார். கடல் கெட்டுவிடும், திரும்ப முடியாது. யார் வீட்டிலாவது தங்கியாக வேண்டும். அந்த வீடுகளின் பிள்ளைகள் அப்போது பள்ளியில் ஐரிஷ் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பாடப்புத்தகத்தை வாங்கி, அவர்களிடமே கேட்டு, எழுத்துக் கூட்டினார். கடல் விட்டிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பார். நமக்கு அவர் எழுதிய ஒரு வரியும் கிடைத்திருக்காது.

1917இல் கில்லார்னியிலிருந்து பிரையன் கெல்லி என்ற படித்த மனிதர் தீவுக்கு வந்து தங்கினார். கார்க்கியையும், மீனவர்களைப் பற்றி எழுதிய பியர் லோத்தியையும் தோமாஸுக்குப் படித்துக் காட்டினார். ஏழை மீனவனின் நாளும் பொழுதும் புத்தகமாகலாம் என்று அவர் சொல்ல, தோமாஸ் எழுதத் தொடங்கினார். நாட்குறிப்பு 1928இல் வந்தது. தீவுக்காரன் என்று பொருள்படும் தலைப்பில் தன்வரலாறு 1929இல் வந்தது. பெற்ற பிள்ளைகளில் பலரைப் பறிகொடுத்தவர். ஒரு மகன் பறவைக்குஞ்சு பிடிக்கப் போய்ச் செங்குத்துப் பாறையிலிருந்து விழுந்தான். இன்னொருவன் 1909இல், நீரில் தத்தளித்த ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போய் அவளோடு மூழ்கினான். இதையெல்லாம் அவர் சில வரிகளில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார். அந்தக் கட்டுப்பாட்டை எழுத்து நடை என்று மட்டும் என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அழுது முடிப்பதற்குள் அடுத்த அலை வந்துவிடுகிற இடத்தில் வாழ்ந்தவரின் பேச்சு அது.

பெக் சேயர்ஸ் எழுதவில்லை. சொன்னார், மகன் எழுதிக்கொண்டார். நூற்றுக்கணக்கான கதைகளை மனத்தில் வைத்திருந்த பெண்மணி. மாரிஸ் ஓ சல்லிவன் தான் வளர்ந்த இருபது ஆண்டுகளைப் பற்றிக் காவல்துறை வேலைக்குப் போனபின் எழுதினார். 1933இல் அச்சான அந்த நூலின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு இ. எம். ஃபார்ஸ்டர் முன்னுரை தந்தார். பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ராபின் ஃபிளவர் பல கோடைகளில் வந்து தோமாஸைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார், அவர் நூலை ஆங்கிலமாக்கினார். 1946இல் இறந்தபின் அவருடைய சாம்பலை இந்தத் தீவில்தான் தூவினார்கள்.

1923இல் வந்த இன்னொருவர் நமக்கு வேண்டியவர். கேம்பிரிட்ஜில் கிரேக்கம் படித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் தாம்சன். மாரிஸ் ஓ சல்லிவனின் நண்பராகி, அவரை எழுதத் தூண்டியவர். ஹோமரை ஏட்டில் படித்த தாம்சன், எழுத்தின் துணையில்லாமல் கவிதையின் கட்டோடு மக்கள் பேசுவதை முதன்முதலில் காதால் கேட்டது இந்த ஊரில். வாய்மொழியும் கவிதையும் உழைப்பும் பிரியாத ஒரு சமூகத்தை அவர் நேரில் பார்த்துவிட்டார். பிற்காலத்தில் கிரேக்கச் சமூகத்தைப் பற்றி எழுதியதிலெல்லாம் அந்த அனுபவம் ஓடுகிறது. பின்னர் அவர் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது ஈழத்திலிருந்து க. கைலாசபதியும், அவரை அடுத்து கா. சிவத்தம்பியும் அவரிடம் முனைவர் பட்ட ஆய்வுக்குப் போனார்கள். சங்கப் பாடல்களை வாய்மொழி வீரயுகக் கவிதையாக வாசித்த கைலாசபதியின் ஆய்வு 1968இல் ஆங்கில நூலாக வந்தது. அதை ஒப்புக்கொண்டவர்களும் மறுத்தவர்களுமாகத் தமிழில் எவ்வளவு விவாதம்! பாணனையும் விறலியையும் பற்றி நாம் பேசிய பேச்சில் ஓர் இழை, அட்லாண்டிக் விளிம்பில் புற்கரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து மீனவர்கள் சொன்ன கதையிலிருந்து நூற்கப்பட்டது. சிதைந்த அந்த வீடுகளின் நடுவே நின்றபோது நான் அன்னியமாக உணராததற்கு அதுவே காரணம்.

வீடுகள் மலைச்சரிவைக் குடைந்து, காற்றுக்குத் தோள் கொடுத்து நிற்கின்றன. பலவற்றுக்குச் சுவர் மட்டும் மிச்சம். தோமாஸ் தன் கையால் கட்டிய வீட்டைப் புதுப்பித்திருக்கிறார்கள். ஒரே அறையென்று சொல்லலாம். மனிதர்களும் மாடும் கோழியும் ஒரே கூரையின்கீழ் இருந்த காலம் அவர் புத்தகத்தில் வருகிறது. இடிந்த ஒரு வீட்டின் அடுப்படிக் கல்லில் இன்னும் கரி படிந்திருந்தது. சன்னல் இருந்த இடத்தில் குனிந்து பார்த்தால் எதிர்க்கரை வீடுகள் தெரிகின்றன. கூப்பிட்டால் கேட்டுவிடும் என்று தோன்றுகிற தூரம்.

கேட்காது. 1946 கிறிஸ்துமஸ் சமயத்தில் தீவு இளைஞர் ஒருவர் நோயில் விழுந்தார். மூளைக்காய்ச்சல். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. மருத்துவர் வர முடியவில்லை, பாதிரியாரும் வர முடியவில்லை. ஜனவரியில் அவர் இறந்தார். சவப்பெட்டிக்கும் அடக்கத்துக்குமே கடலோடு போராட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில், புயலில் சிக்கியிருக்கிறோம், சாப்பிட ஒன்றுமில்லை என்று பிரதமர் டி வலேராவுக்கே தீவிலிருந்து தந்தி போயிற்று. சில மாதங்களில் அவர் நேரில் வந்து பார்த்தார்.

ஊர் கலைந்ததற்குக் கடல் மட்டும் காரணமில்லை. அதே கடலை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடந்தவர்கள்தான். ஆனால் நேவோக் வலிக்க வாலிபக் கைகள் வேண்டும். அந்தக் கைகள் ஒவ்வொன்றாக அமெரிக்காவுக்கு, பெரும்பாலும் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போய்விட்டன. பிள்ளைகள் இல்லாமல் 1941இல் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். மிஞ்சியவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். கிழவர்கள் மட்டும் இருக்கிற படகைக் கடல் மன்னிப்பதில்லை. 1953 நவம்பர் 17 அன்று அரசு அவர்களைக் கரையேற்றத் தொடங்கியது. மிஞ்சியிருந்தவர்கள் 22 பேர். அன்றைக்கும் அலை இடம் கொடுக்காததால் தட்டுமுட்டுச் சாமான்களைக்கூட ஒழுங்காக ஏற்ற முடியவில்லை. தங்கள் தீவு வாசலிலேயே தெரிகிற டன்குவின் பகுதியில் அவர்களுக்கு வீடு கிடைத்தது.

இன்று அந்த வெண்மணல் கடற்கரையில் சாம்பல்நிறக் கடல்நாய்கள் நூற்றுக்கணக்கில் படுத்திருக்கின்றன. வயல்வரப்புகளைப் புல் மூடிவிட்டது. பயணிகள் அந்தப் புல்லில் சாய்ந்துகொண்டு, என்ன அமைதி, என்ன ஏகாந்தம் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நகரத்தில் களைத்து வருகிறவர்களுக்கு அந்த இடம் உண்மையாகவே ஆறுதல். ஆனால் அங்கே யாருமில்லாதது ஓர் இயற்கைக் கொடை என்று அவர்கள் எண்ணிவிடக் கூடாது என்ற பதைப்பு எனக்கு உண்டு. கோடையில் தீவைப் பார்த்துக்கொள்ள இருவர் வேண்டும் என்று 2020இல் ஓர் அறிவிப்பு வந்தபோது உலகெங்குமிருந்து பல்லாயிரம் பேர் விண்ணப்பித்தார்கள். மின்சார இணைப்பில்லாத தீவில் தனித்திருக்க அவ்வளவு ஆசை. 1940களில் அந்தப் பல்லாயிரத்தில் ஒரு பத்துப் பேர், துடுப்பு வலிக்கத் தெரிந்தவர்கள், அங்கே இருந்திருந்தால் ஊர் இன்னும் சில காலம் நின்றிருக்கும்.

ஊர் கலைவதற்கு முந்தைய கடைசி ஆண்டுகளில் அங்கே ஒரே ஒரு குழந்தை இருந்தான். கெரோட் ஓ கஹான். அவனுக்கு அடுத்த வயதுக்காரருக்கே அவனைவிடப் பல பத்தாண்டுகள் மூப்பு. கடற்காக்கைகளைத் தவிர விளையாட்டுத் துணையில்லாத, உலகிலேயே மிகத் தனிமையான சிறுவன் என்று ஒரு பத்திரிகை அவனைப் பற்றி எழுதிவிட, உலகின் பல பக்கங்களிலிருந்து கடிதமும் பரிசும் வந்தன. தத்தெடுக்கவும் ஆட்கள் முன்வந்தார்கள். முதியவரானபின், 2014இல், அவர் தன் நினைவுகளைப் புத்தகமாக்கினார். அந்தப் பட்டத்தையே தலைப்பாக வைத்துக்கொண்டார். உள்ளே அதை மறுத்தார். தீவிலிருந்த கிழவர் கிழவிகள் எல்லோரும் அவருக்குத் தாத்தா பாட்டிகள். எந்த வீட்டிலும் நுழையலாம், எந்த அடுப்பின் அருகிலும் உட்காரலாம். பெரியவர்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே வைத்துப் பேசினார்கள். தனிமை என்பது தனக்குத் தெரியவே தெரியாது என்கிறார் அவர்.